டேலியாவிடம் ஒத்திகை

நவம்பர் 2, ஞாயிறு

காலை மேகமூட்டம், பிற்பகல் நல்ல வெயில். செவ்வந்தி மொட்டு விட்டிருக்கிறது. டேலியாவுக்குக் குச்சி நட்டுக் கட்டினேன். கயிறு இறுக்கமாக இருக்குமோ என்று திரும்பப் போய் அவிழ்த்துத் தளர்வாகக் கட்டினேன். பிறகு, ரொம்பத் தளர்ந்துவிட்டதோ என்று தோன்றியது. அப்படியே விட்டுவிட்டேன்.

இந்தக் குறிப்பேட்டில் தோட்டத்தையும் வானிலையையும் தவிர வேறெதையும் எழுதுவதில்லை என்பது நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துவதிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் வைத்திருக்கும் ஒழுங்கு. இன்று மட்டும் அதைக் கொஞ்சம் மீறுகிறேன். விஷயம் தோட்ட வேலி சம்பந்தப்பட்டதுதான் என்பதால் முழு மீறல் என்று சொல்ல முடியாது.

மாலை நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுத் திருமதி ஜெசிந்தா அவர்கள் வேலிக்கு மேலாக ஒரு தட்டில் எங்கள் மலைப் பேக்கரியின் மொறுமொறு வர்க்கி பிஸ்கட் நீட்டினார்கள். டெலிபோன் எக்சேஞ்சில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். கணவர் காலமாகிப் பதினோரு வருடம். என் மனைவி மனோன்மணி போய் எட்டு வருடம். இரண்டு வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவே இடுப்பளவு பலகை வேலி. வர்க்கியை வாங்கிக்கொண்டு, இந்த வேலியை எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் வெயில் சீராகக் கிடைக்கும் என்று சொன்னேன். இதைச் சொல்ல எனக்குச் சுமார் ஒரு வருடம் ஆயிற்று.

அவர்கள் என்னை நன்றாகப் பார்த்தார்கள். "வேலிய எடுத்தா வெயில் மட்டுந்தான் வருமா சார்?"

"காத்தும் வரும்" என்றேன்.

"எழுவத்தோரு வயசுல பொண்ணு கேக்குற லட்சணம் இதுதானா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. "கேட்டது தப்புன்னா…" என்றேன்.

"கேட்டீங்களா? எப்பக் கேட்டீங்க? வேலியப் பத்தியில்ல பேசிட்டிருந்தீங்க!" என்று சிரித்தார்கள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படியான சிரிப்பு. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்கள்: "எனக்குச் சம்மதம் சார். என் பையன்கிட்ட போன மாசமே சொல்லிட்டேன். சாருக்குப் பல்லு எத்தனை இருக்குன்னு கேட்டான். ஆனா உங்க பொண்ணு மதிகிட்ட நீங்களே சொல்லணும். நேர்ல. போன்ல கூடாது. எத்தனை பேரு தைரியமில்லாம போன்ல சொல்லித் தப்பிச்சிருக்காங்கன்னு லைன் போட்டுக் குடுத்த எனக்குத் தெரியும். அவ முகத்தப் பாத்துச் சொல்லுங்க. சொன்ன அன்னிக்கு வேலிய எடுத்துக்கலாம். சொல்லலேன்னா நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். வர்க்கி மட்டும் வரும்."

வர்க்கி நன்றாக இருந்தது. இரவு லேசான தூறல்.

நவம்பர் 9, ஞாயிறு

செவ்வந்தி மஞ்சளும் அரக்குச் சிவப்பும் பூக்கத் தொடங்கிவிட்டன. மேப்பிள் மரத்தின் உச்சி இலைகள் பழுக்கின்றன.

சேலத்திலிருந்து மகள் வான்மதி பேசினாள். வங்கியில் மேலாளர் ஆனதிலிருந்து என்னிடமும் கிளை ஊழியரிடம் பேசுவது போலவே பேசுகிறாள். பனிக்காலத்தில் நான் இங்கே மலையில் தனியாக இருக்கக் கூடாதாம். மாடி அறைக்கு வெள்ளையடித்துக் கட்டில் போட்டாயிற்றாம். "இந்த வருஷம் வந்தா வந்ததுதான்பா. திரும்பிப் போற பேச்சே வேணாம். சரியா?"

"சரி, பார்க்கலாம்" என்றேன். மறுப்பாகத்தான் சொன்னேன்.

"அப்பாடா! இருபத்தெட்டாந்தேதி வெள்ளிக்கிழமை நான் வரேன். ஞாயிறு ரெண்டு பேரும் சேர்ந்து கிளம்பிரலாம்" என்று போனை வைத்துவிட்டாள்.

திருமதி ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவர்கள் கத்தரிக்கோலை மண்ணில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். "பார்க்கலாம்னு சொன்னா ஆமான்னுதான் சார் அர்த்தம். ஊரு முழுக்க அப்படித்தான் எடுத்துக்கும். உங்க ஒருத்தருக்குத்தான் அது மாட்டேன்."

"அவ வரட்டும். நேர்லதானே சொல்லச் சொன்னீங்க."

"சொல்வீங்களா?"

பார்க்கலாம் என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

இவ்வளவு நிறம் இந்தத் தோட்டத்தில் ஒரே சமயத்தில் வந்து நான் பார்த்ததில்லை. டேலியா ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டளவு: ஊதா, வெள்ளை, நெருப்பு நிறம், அப்புறம் ஓரம் மட்டும் வெளுத்த ஒரு சிவப்பு. படிப்படியாக இறங்கும் பாத்திகளில் செவ்வந்தி, அதற்குக் கீழே சால்வியா, அதற்கும் கீழே செண்டுமல்லி. எல்லாவற்றுக்கும் மேலே குடை பிடித்தாற்போல் மேப்பிள். எதிர்வீட்டுப் போஜன் கேட் வரை வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். தெருவில் யார் ஏறினார், யார் இறங்கினார் என்பது இன்றும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

"கண்காட்சிக்கு டிக்கெட்டு போட்றலாம் போலிருக்குதுங்க சார்!"

ஒரு யோசனை வந்திருக்கிறது. காலை பத்து மணிக்கு மேப்பிளின் கீழ்ப் பெஞ்சில் வெயில் இலைகளின் ஊடாகச் சிவப்பாக விழும். அங்கே வான்மதியை உட்கார வைத்து, பூக்களைக் காட்டி, அவள் மனம் இளகியிருக்கும் நேரத்தில் சொல்லிவிடலாம். வகுப்பறையில்கூட எனக்குக் கரும்பலகை பின்னால் இருந்தால்தான் குரல் வரும். வெறும் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது. இவ்வளவு பூ பின்னால் இருந்தால் ஆகலாம்.

இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை காலைக்கு மேப்பிள் உச்சத்தில் இருக்கும்.

நவம்பர் 18, செவ்வாய்

சொல்ல வேண்டியதை மூன்று பகுதியாகப் பிரித்துக்கொண்டேன். முன்னுரை: என் உடல்நலம் நன்றாக இருக்கிறது. நடுப்பகுதி: மனிதனுக்குத் துணை என்பது. முடிவு: விஷயம். காலை பல் தேய்த்துவிட்டு, ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, நெருப்பு நிற டேலியாவின் முன் நின்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அது வான்மதியின் உயரம்தான் இருக்கும். முன்னுரை நன்றாக வந்தது. நடுப்பகுதியில் வெப்ப இயக்கவியல் கொஞ்சம் கலந்துவிட்டது. முடிவுக்கு வரும்போது இருமல்.

"டேலியா என்ன சொல்லுச்சு சார்?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா அம்மையார், தலையில் கம்பளித் துண்டு, கையில் காபி.

"எப்ப வந்தீங்க?" என்றேன்.

"உடல்நலத்துல வந்தேன். ரொம்ப நேரமா நல்லாத்தான் இருந்துச்சு உங்க உடல்நலம்."

"நீளமா இருக்கோ?"

"சார், இதுல நான் எங்க வர்றேன்?"

"முடிவுல."

"அதுக்குள்ள மதிக்கு ரிட்டையர்மென்ட் வந்துரும்."

முன்னுரையைச் சுருக்க வேண்டும்.

நவம்பர் 21, வெள்ளி

நாள் முழுக்க மழை. ஒத்திகை இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

போஜன் மார்க்கெட்டிலிருந்து வரும்போது நின்று, "இந்த வருஷம் பனி முந்திக்கும் சார். போர்த்துறதுக்கு ஏதாச்சும் பாத்து வைங்க" என்றார். என் குறிப்புகளின்படி, சரிவுகளுக்கு நடுவே எங்கள் தெரு இருக்கும் இந்தப் பள்ளத்தில் டிசம்பர் பாதிக்கு முன் உறைபனி விழுந்ததில்லை. அதைச் சொன்னேன். "அப்படிங்களா? சரிங்க" என்று போய்விட்டார். அவர் அவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டது எனக்குக் கவலையாக இருந்தது. பாத்திகளை மூட வைக்கோலுக்கு டிசம்பர் பத்தாம் தேதிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். முன்னதாகக் கேட்கலாமா என்று கடை வரை போனேன். கடைக்காரர் வேறு யாரிடமோ மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார். வந்துவிட்டேன்.

நவம்பர் 26, புதன்

மேப்பிள் முழுவதும் சிவப்பு. காலையில் கண்ணாடி இல்லாமல் பார்த்துத் தீ என்று நினைத்துவிட்டேன். மனோன்மணி இருந்திருந்தால் பெஞ்சில் உட்கார்ந்து பட்டாணி உரித்திருப்பாள். அவளிடம் இதைச் சொல்வது எளிதாக இருந்திருக்கும். இப்படி எழுதுவது சரியா என்று தெரியவில்லை. ஆனால் அது உண்மை.

நவம்பர் 28, வெள்ளி

இதை எழுதும்போது இரவு ஒன்பது. கை இன்னும் சில்லென்று இருக்கிறது.

வான்மதி மாலை ஐந்தரைக்கு வந்து இறங்கினாள். கையில் ஒரு சின்னப் பை. டாக்ஸி டிக்கியிலிருந்து தட்டையாக மடித்த அட்டைப் பெட்டிகள், ஒட்டும் டேப், ஒரு சுருள் புது நைலான் கயிறு.

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"உங்க புஸ்தகத்தக் கட்டத்தான். ஒரு ரூம் நிறைய வச்சிருப்பீங்களே."

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. தோட்டத்தைப் பார்க்கிறாயா என்றேன். "காலைல நிதானமாப் பாக்குறேம்பா. தல வலிக்குது, வளைவு சுத்தி சுத்தி வந்தது" என்றாள். இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, வீட்டிலிருந்த கம்பளி, ரஜாய், போர்வை எல்லாவற்றையும் மேலே போட்டுக்கொண்டு ஏழரைக்கே தூங்கிவிட்டாள். என்னைப் பார்த்து இளைத்துவிட்டீர்கள் என்றாள். நான் இளைக்கவில்லை. இந்த ஸ்வெட்டர் பெரியது.

பாத்திரம் கழுவிவிட்டு வெளியே வந்தேன். அப்போதுதான் கவனித்தேன்: காற்று நின்றுவிட்டது. ஒரு இலை அசையவில்லை. வானத்தில் துணுக்கு மேகம் கிடையாது. நட்சத்திரங்கள் கழுவி வைத்த மாதிரி இருந்தன. நிலம் பகலில் வாங்கிய சூட்டை இப்படிப்பட்ட இரவில் மறைப்பே இல்லாமல் வானத்துக்குக் கொடுத்துவிடும். குளிர்ந்த காற்று கனம் என்பதால் சரிவில் வழிந்து எங்கள் பள்ளத்தில்தான் வந்து தேங்கும். இதை முப்பது வருடம் பாடம் நடத்தியவன், தேதியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன்.

வேலிக்கு அப்பால் டார்ச் வெளிச்சம்.

"சார்!" என்று ரகசியக் குரல். ஜெசிந்தாவின் ரகசியக் குரல் மற்றவர்களின் சாதாரணக் குரல். "வானத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஆனா என் குறிப்புப்படி…"

"உங்க குறிப்பப் பனி படிச்சிருக்கா? போத்த என்ன வச்சிருக்கீங்க?"

வைக்கோல் பத்தாம் தேதிக்கு என்றேன். வீட்டிலிருக்கும் போர்வையெல்லாம் மதி மேல் என்றும் சொன்னேன். ஜெசிந்தா உள்ளே போனார். அவருடைய பாத்திகளுக்குப் போன வாரமே சாக்கு தைத்து வைத்திருந்தார். என் குறிப்புகளை மதித்து என்னிடம் அதைச் சொல்லவில்லையாம். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் அடுக்கிய சேலைகள்.

"எக்சேஞ்சுக்குக் கட்டிட்டுப் போன காட்டன். டிரங்குப் பெட்டியில சும்மா கிடக்குது. பிடிங்க."

"தெருவுல பாப்பாங்க. என் தோட்டத்துல உங்க சேலை…"

"இருட்டுல தெருவுக்கு என்ன தெரியும்? விடியறதுக்குள்ள எடுத்துரலாம்."

"மதி எழுந்து பாத்துட்டா?"

"பாத்தா நல்லதுதான். உங்களுக்கு வேலை மிச்சம்." டார்ச்சை ஒரு கணம் என் முகத்துக்குத் திருப்பினார். "இல்ல இல்ல. சேலை சொன்னாக் கணக்கில்ல. நீங்கதான் சொல்லணும்."

அவர் வேலியைத் தாண்டி வர நான் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தேன். இருவருமாகக் குச்சிகளுக்கு மேல் சேலைகளை விரித்து, நுனிகளில் கல் வைத்தோம். டேலியா வரிசைக்கு மூன்று, செவ்வந்திக்கு நாலு. சால்வியாவுக்கும் செண்டுமல்லிக்கும் மிச்சமில்லை. உயரமான நெருப்பு நிற டேலியாவுக்குப் பச்சையில் மஞ்சள் கரை போட்டதை அவரே போர்த்தி, தலைப்பை இழுத்துவிட்டார். "இது என் முதல் சம்பளத்துல எடுத்தது. உங்க ஒத்திகையெல்லாம் கேட்ட செடியில்ல, அதுக்கு ஒரு மரியாதை" என்றார்.

சேலைகளில் அந்துருண்டை வாசனையும் அதற்கு அடியில் லேசாகப் பவுடர் வாசனையும் இருந்தன. (இது வானிலைப் பதிவுக்குத் தேவையில்லை.)

விடியும் முன் எழ வேண்டும். உறைபனி விழுந்தால் அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். பனி மட்டுமே செடியைக் கொன்றுவிடுவதில்லை. பனியோடு இருக்கும் இலையில் வெயில் சுரீரென்று படுவதுதான் கொல்கிறது.

நாளை பத்து மணிக்குப் பெஞ்சு. முன்னுரையை முழுவதுமாக எடுத்துவிட்டேன்.

நவம்பர் 29, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தேன். புல் முழுவதும் கல்லுப்பைக் கொட்டிப் பரப்பியது போல. கேட், பெஞ்சு, மண்வெட்டிப் பிடி எல்லாம் வெள்ளை. செண்டுமல்லிகள் ஒவ்வொன்றும் கண்ணாடிக்குள் அடைத்த மாதிரி நின்றன. தொட்டதும் ஒன்று மளுக்கென்று ஒடிந்தது. சேலைகள் அப்பளம் போல விறைத்து, குச்சிக்கு மேல் தாமாகவே நின்றுகொண்டிருந்தன. மூச்சு புகையாக வந்தது. பயத்துக்கு நடுவில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அழகாக இருந்தது. நேற்று வரை இருந்த நிறமெல்லாம் அப்படியே இருந்தது, பனிக்கு உள்ளே.

ஜெசிந்தா அதற்குள் வந்து நின்றிருந்தார். மறைந்த கணவரின் மிலிட்டரி கோட், காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் குரங்குக் குல்லா.

"குழாயத் தொறந்தீங்களா?" என்றார்.

திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. குழாய்க்குள் உறைந்துவிட்டது. வெளியே இருந்த வாளியில் மேலே ஒரு தகடு ஐஸ். அவர் பூட்ஸ் காலால் உடைத்தார். வீட்டுக்குள் குளியலறைத் தொட்டியில்தான் தண்ணீர். நான் வாளியில் மொண்டு மொண்டு கொண்டுவர, அவர் குவளையால் இலை இலையாகத் தெளித்தார். மூன்றாவது நடையில் குளியலறையில் வாளி கைதவறி விழுந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் கேட்டிருக்கும்.

"அப்பா!" வான்மதி ரஜாயைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். "விழுந்துட்டீங்களா?"

"இல்லம்மா. வாளிதான். செடிக்குத் தண்ணி."

"இந்தக் குளிர்ல செடிக்குத் தண்ணியா? உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வெள்ளைத் தோட்டம். அதில் ஏழு சேலைகள். நடுவில் மிலிட்டரி கோட்.

நான் இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் எதிர்ச் சரிவின் உச்சியில் வெயில் வந்துவிட்டிருந்தது. "மதி, வெயில் இங்க இறங்கி வர்றதுக்குள்ள கழுவியாகணும்" என்று வாளியோடு ஓடினேன். நான் ஓடி அவள் பார்த்தது அவள் பள்ளிக்கூடம் படித்தபோதாக இருக்கும்.

அடுத்த நடையில் அவளும் வெளியே வந்துவிட்டாள். என் பழைய ஓவர்கோட், கையில் ஒரு தவலை. "விடுங்கப்பா, ஐஸ உருக்க இதான் சரி" என்று நெருப்பு நிற டேலியாவின் சேலையைத் தூக்கிவிட்டு அப்படியே கவிழ்த்தாள். ஆவி குப்பென்று எழுந்தது.

"அய்யோ பாப்பா, அது வெந்நீரு!" என்று ஜெசிந்தா கத்தினார்.

என் குளியலுக்கு நான் பாய்லரில் போட்டு வைத்திருந்த வெந்நீர். சேலத்துப் பழக்கத்தில், சூடானால் உருகிவிடும் என்று நினைத்திருக்கிறாள். டேலியா ஒரு நொடி நிமிர்ந்து நின்றது. பிறகு அவித்த கீரையாகத் தொங்கிவிட்டது.

மதி தவலையைக் கீழே வைத்தாள்.

"பத்து நாளா எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டிருந்த செடி" என்றார் ஜெசிந்தா, "இப்படியா போகணும்!" சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். மதிக்கு ஒன்றும் புரியவில்லை; ஆனால் அந்தச் சிரிப்பு யாரையும் விடாது. அவளும் சிரித்தாள். நானும்தான்.

வெயில் கோடு எதிர்ச் சரிவின் தேயிலையைக் கடந்து, போஜன் வீட்டு ஓட்டுக்கு வந்தது. மூன்று பேரும் ஓடினோம். "ஆன்ட்டி, இந்த வரிசை ஆச்சு!" "கீழ, கீழ, அடியிலையும் ஊத்து!" "அப்பா, நீங்க நில்லுங்க, நான் மொள்ளுறேன்!" செவ்வந்தி முடிந்தது. டேலியாவில் கடைசி வரிசைக்கு வந்தபோது வெயில் கேட்டைத் தாண்டிவிட்டது. குவளையைப் போட்டுவிட்டுக் கையாலேயே அள்ளித் தெளித்தோம். கை மரத்துவிட்டது. செண்டுமல்லியையும் சால்வியாவையும் விட்டுவிட்டோம்.

மூச்சு வாங்கிக்கொண்டு மூவரும் மேப்பிளின் கீழே நின்றோம். பெஞ்சு ஈரம், உட்கார முடியவில்லை. மதி தரையிலிருந்து அந்தப் பச்சைச் சேலையை இரண்டு விரலால் தூக்கினாள். பாதி நனைந்து தொங்கியது, பாதி இன்னும் பலகை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"இது உங்க சேலைதானே ஆன்ட்டி?"

"ஆமா பாப்பா."

"எல்லாமே?"

ஜெசிந்தா என்னைப் பார்த்தார். உதவி செய்யும் பார்வை இல்லை அது. காத்திருக்கும் பார்வை.

அந்த நேரத்தில் மரத்தின் உச்சியில் வெயில் பட்டது. காற்று துளியும் இல்லை. ஒரு இலை விழுந்தது, ஐஸ் கட்டிய கனத்தோடு, டப்பென்று. பிறகு நாலைந்து. பிறகு மரம் முழுவதும் விட்டுவிட்டது. எங்கள் தலை, தோள், வாளி எல்லாவற்றிலும் சிவப்பு இலை பொழிந்தது. நான் பின்னணிக்கென்று நினைத்து வைத்திருந்த அத்தனையும் என் கண் முன்னால் கொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிடத்தில் மரம் மொட்டையாகிவிடும். அப்புறம் எதன் முன்னால் நின்று சொல்வேன்?

"மதி" என்றேன். "மேகம் இல்லாத ராத்திரியில நிலத்தோட சூடு…"

"அப்பா. சூடு அப்புறம்."

"நான் சேலத்துக்கு வரலம்மா" என்றேன். "நான் இவங்களக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். நான் கேட்டேன். சரியாக் கேக்கல, ஆனா கேட்டேன். உன்கிட்ட நானே நேர்ல சொன்னாத்தான் சம்மதம்னு சொன்னாங்க. அதான் சொல்றேன்."

அவ்வளவுதான். இருமல்கூட வரவில்லை.

வான்மதியின் முகத்தை என்னால் படிக்க முடியவில்லை. தலைமுடியில் ஒரு இலை ஒட்டியிருந்தது. "அப்ப அன்னிக்குப் பார்க்கலாம்னு சொன்னது?" என்றாள்.

"மாட்டேன்னு அர்த்தம்."

"இது எனக்கு இப்பத்தான் தெரியுது. நாப்பத்தாறு வயசுல." குரல் உடைந்தது. "போன்ல வாரா வாரம் என்ன கேட்டாலும் ம், சரி, பார்க்கலாம். அம்மா போனதோட உங்களுக்குப் பேச்சே நின்னு போச்சுன்னு நினைச்சேம்ப்பா. இங்க ஒத்தையில ஊமையா உக்காந்திருக்கீங்கன்னுதான் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"ஊமையா?" என்றார் ஜெசிந்தா. "தினம் காலைல டேலியாவுக்குப் பிரசங்கம். நடுவுல தெர்மோடைனமிக்ஸ் வேற."

வான்மதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

"கோவிச்சுக்கிட்டாளோ?" என்றேன்.

"அது அவ பாடு. நீங்க சொல்லிட்டீங்க சார்." ஜெசிந்தாவின் கண்ணில் நீர். குளிர் காற்று பட்டால் அப்படி வரும். காற்றுதான் இல்லை என்று முன்பே எழுதிவிட்டேன்.

உள்ளே ஏதோ இழுபடும் சத்தம், டேப் கிழியும் சத்தம். பெட்டிகளைப் பிரிக்கிறாள், இப்போதே கிளம்பப் போகிறாள் என்று நினைத்தேன். கதவு திறந்தது. அவள் கையில் நைலான் கயிற்றுச் சுருள். நேராக வந்து ஒரு நுனியை மேப்பிள் மரத்தில் கட்டினாள். மறு நுனியை இழுத்துக்கொண்டு போய்க் கேட் தூணில் சுற்றி முடிச்சுப் போட்டாள். வங்கியில் பெட்டகத்தைப் பூட்டுபவள் போல இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"மதி, துணிக்கொடி பின்னாடி இருக்கும்மா" என்றேன்.

"அங்க வெயில் வராதுப்பா. காட்டன் காய வேணாமா? ஆன்ட்டி, அந்த முனையப் பிடிங்க, பிழியணும்."

"தெரு பாக்கும்."

"பாக்கட்டும்."

பச்சைச் சேலையின் ஒரு நுனி அவளிடம், மறு நுனி ஜெசிந்தாவிடம். இருவரும் எதிரெதிராக முறுக்கினார்கள். "கெட்டியாப் பிடி பாப்பா, உங்கப்பா மாதிரி தொளதொளன்னு பிடிக்காத." "இருங்க ஆன்ட்டி, வழுக்குது." ஐஸ் பொடிப் பொடியாக உதிர்ந்தது. முறுக்கை விட்டுவிட்டு ஜெசிந்தா மதியின் தலையிலிருந்த இலையை எடுத்தார். மதி ஒரு கணம் அவர் தோளில் நெற்றியை வைத்தாள். நான் வாளியைக் கழுவப் போனேன். வாளி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

எட்டு மணிக்கெல்லாம் ஏழு சேலைகளும் மரத்திலிருந்து கேட் வரை வெயிலில் தொங்கின: பச்சை, ரோஜா நிறம், கத்திரிப்பூ, இரண்டு நீலம், கட்டம் போட்டது ஒன்று, மாம்பழ மஞ்சள் ஒன்று. கீழே சிவப்பு இலைகள், உருகாத மூலைகளில் வெள்ளை. தோட்டம் நேற்றைவிட மோசமில்லை என்று தோன்றியது.

பால் வாங்கப் போன போஜன் திரும்பி வந்தார். எங்கள் கேட்டுக்கு எதிரில் வந்ததும் பிரேக் போட்ட மாதிரி நின்றுவிட்டார்.

"சார்! என்னங்க இது, முன்னால சேலையாக் காயுது? விருந்தாளிங்களா?"

வான்மதி வாசற்படியில் காபி டம்ளரோடு நின்றாள். ஜெசிந்தா வர்க்கித் தட்டோடு. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுச் சேலைங்க" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

போஜன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அந்தப் பச்சை ஜெசிந்தாம்மாவுதாச்சே!"

"ஆமா" என்றேன். "அதைத்தான் சொல்றேன்."

அவர் பால் பாக்கெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு தன் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார். திரும்பி வந்துதான் கேட்டைத் திறந்தார். பத்து நிமிடத்துக்குள் தெரு முழுவதும் யாராவது ஒருவர் வெளியே வந்து வானிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 30, ஞாயிறு

மறுபடியும் உறைபனி, நேற்றைவிடக் கொஞ்சம் குறைவு. இழப்பு: செண்டுமல்லி, சால்வியா முழுவதும். டேலியாவில் சேலை தொட்ட உச்சிப் பூக்கள் கருகிவிட்டன. துணி பூவைத் தொடாமல் குச்சியை இன்னும் உயரமாக நட்டிருக்க வேண்டும். வெந்நீரில் ஒன்று. கிழங்கு பிழைத்திருக்கலாம். செவ்வந்தி நலம். மேப்பிள் மொட்டை.

ஜெசிந்தா சர்ச்சில் பூசைக்குப் போகும்போது மதியும் கூடப் போனாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் இன்று தொடங்குகிறதாம். கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில் ரிஜிஸ்டர் ஆபீஸ் என்று இரண்டு பேருமாக வழியிலேயே முடிவு செய்துவிட்டார்கள். என்னிடம் வந்து, தேதி சரியா என்று கேட்டார்கள். சரி என்றேன். அதற்குமேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

பிற்பகல் வேலியில் நாலு பலகைகளைக் கழற்றினோம். மீதியைக் கழற்ற ஆணி துருப்பிடித்திருக்கிறது. எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். மாலை மதி கிளம்பினாள். அட்டைப் பெட்டிகளை எடுத்துப்போக மறந்துவிட்டாள், அல்லது விட்டுப் போனாள். பிரித்து டேலியா பாத்திகளுக்கு மேல் கூரை மாதிரி நிறுத்தியிருக்கிறேன். நன்றாகப் பொருந்துகிறது.

இந்தக் குறிப்பேட்டில் இனிமேல் தோட்டத்தைத் தவிர மற்றதையும் எழுதலாமா என்று யோசிக்கிறேன். பார்க்கலாம்.

இல்லை. எழுதுவேன்.